மாலை ஓய்வும் மணிலா விதையும்

உழவர்களுக்கு ஓய்வு என்பது பயிர் தரும் இடைவேளை. நடவும் களையும் அறுவடையும் நெருக்கும் நாட்களில் மூச்சு விட நேரமிருக்காது. விதைப்புக்கு முந்திய வாரங்களிலும் அறுவடைக்குப் பிந்திய வாரங்களிலும் பொழுது சாய்ந்தபின் இரண்டு மணி நேரமாவது கையில் மிஞ்சும். அந்த நேரத்தை இன்று பெரும்பாலும் தொலைக்காட்சி எடுத்துக்கொள்கிறது.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15ல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது கிராமங்களில் பெட்டியைக் காண்பதே அரிது. 2006ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிய பிறகு அது ஏழை எளியவர் வீட்டுக்கும் வந்துவிட்டது. வானிலையும் வேளாண் செய்தியும் அறிய அது நல்ல கருவியே. ஆனால், குடும்பம் முழுவதும் திண்ணையில் கூடிச் செய்து வந்த சில வேலைகள் அதனால் கவனம் குறைந்து போயின. அவற்றுள் ஒன்று விதை மணிலா உடைப்பது.

ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாற்றின் கரையில் உள்ளது கலசப்பாக்கம். இது அடங்கிய திருவண்ணாமலை மாவட்டத்தில் மணிலா முக்கியப் பயிர். ஆனி, ஆடியில் மானாவாரியாகவும் மார்கழியில் இறவையாகவும் விதைக்கிறார்கள். விதைக்கான மணிலாவைக் கையால் உடைப்பதே நல்லது. இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு பிளக்கிறது, மேல்தோல் உரிகிறது. தோல் உரிந்த பருப்பு மண்ணில் எளிதில் அழுகிவிடும்.

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே உடைக்கலாமே என்று கேட்கலாம். கை உடைக்கும், கண் திரையில் இருக்கும். சுருங்கியதும் சொத்தையும் நல்ல விதையோடு கலந்து வயலுக்குப் போய்விடும். 30க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,33,000 செடிகள் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பத்து விதை பழுதானால் 13,000 இடங்கள் காலியாகும். அந்த இடத்துக்கும் உழவு, உரம், தண்ணீர் எல்லாம் செலவாகியிருக்கும்.

முளைப்பு பார்ப்பது சிறுவர் வேலை

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அதில் 100 பருப்பை உடைத்தெடுக்கவும். நனைத்துப் பிழிந்த சாக்கில் பத்துப் பத்தாக வரிசையில் வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைக்கவும். பத்தாம் நாள் நன்றாக முளைத்தவற்றை எண்ணவும். எழுபதுக்குக் குறைந்தால் அந்தக் குவியலை விதைக்கு ஒதுக்க வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்தால் தினமும் சாக்கைப் பிரித்துப் பார்க்கும் ஆவலே அவர்களுக்குப் பொழுதுபோக்காகிவிடும்.

ஒரு வாரம் திண்ணையில்

முளைப்பு தேறிய பிறகு மொத்தமாக உடைக்கலாம். நெடுநாள் முன்பே உடைத்து வைத்தால் முளைப்புத் திறன் குறையும். விதைப்புக்கு ஒரு வாரம் முன் உடைப்பது நல்லது. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு தேவை. வீட்டில் நான்கு பேர் நாளுக்கு இரண்டு மணி நேரம் அமர்ந்தால் ஒரு வாரத்தில் 56 மணி நேர வேலை முடிந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் முறத்தில் பரப்பி, திரண்ட, தோல் கெடாத பருப்பை மட்டும் விதைக்கு எடுக்கவும். பூசணம் பூத்ததைத் தின்பதோ, மாட்டுக்கும் கோழிக்கும் போடுவதோ கூடாது. அதில் நஞ்சு இருக்கக்கூடும். விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் வேரழுகல் குறையும்.

கைக்கு வேலை இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. எந்த நிலத்தில் எந்த வருடம் எது விளைந்தது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றவில்லை என்பதெல்லாம் பெரியவர்கள் பேச்சில் அப்போதுதான் வரும். விடுகதையும் பழமொழியும் பிள்ளைகள் காதில் விழும். அவரை, சுரை, பூசணி விதைகளைச் சாம்பலில் புரட்டி வைக்கும் பக்குவத்தைப் பாட்டியிடம் பேத்தி கற்பதும் இப்படித்தான். இவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால்தான் உண்டு.

வானமும் கூத்தும்

மார்கழி விதைப்புக்கு உடைக்கும் நாட்களில் முற்றத்தில் நின்று பார்த்தால் கார்த்திகை மீன் கூட்டம் தெளிவாகத் தெரியும். கடிகாரம் இல்லாத காலத்தில் இரவு ஏற்றம் இறைத்தவர்கள் விண்மீன்களைப் பார்த்தே நேரம் கணித்தார்கள். இந்த வானத்தின் அருமை அறிவியலாரும் அறிந்ததே. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வுக் கூடம் அமைந்துள்ளது. 1986 முதல் அது வைணு பாப்பு பெயரைத் தாங்குகிறது. தெருவிளக்கைத் தாண்டி நாலடி நடந்தால் அதே வானம் நமக்கும் செலவின்றிக் கிடைக்கிறது.

அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது இம்மாவட்டத்தின் பழைய வழக்கம். செய்யாறு அருகே உள்ள புரிசை கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். ஊரார் போய் உட்கார்ந்தால்தான் கூத்தாடுபவருக்கும் பிழைப்பு. நமக்கும் நாலு பேரோடு கூடி இருந்த மனநிறைவு.

வரும் பட்டத்தில் ஒரே ஒரு வாரம் மாலையில் பெட்டியை அணைத்துவிட்டு விதை மணிலாவைத் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். விதைத்த பத்தாம் நாள் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் சென்று, ஒரு சாலில் எத்தனை முளை வந்திருக்கிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.