மேசைமேல் ஒரு தெமோதரை

உண்மையான புகையிரதப் பாதையை ஒரே விகிதத்தில் குறுக்கி மேசைமேல் ஓடவிடுவோர் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுத்தும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர், ஐரோப்பாவின் 1435 மில்லிமீற்றர் பாதையை 87 மடங்கு குறுக்கினால் கிடைப்பது அது. கொழும்பிலிருந்து அப்புத்தளை வழியாகப் பதுளைக்கு ஏறியிறங்கும் மலைப்பாதையோ 1676 மில்லிமீற்றர் அகலமுடையது. அப்புத்தளையை அடுத்த பெரகலைப் பகுதியில் ஒருவர் இந்தப் பாதையைச் சிறிதாக்க விரும்பினால், 87 மடங்குக்குப் பதிலாக 100 மடங்கு குறுக்குவதே உத்தமம். அப்போது கடையில் கிடைக்கும் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்திவிடுவதுடன், மீற்றரெல்லாம் சென்ரிமீற்றராகி, கணக்கும் மனத்திலேயே முடிந்துவிடுகிறது. 1921இல் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம், இந்தக் கணக்கில் ஏறத்தாழ 91 சென்ரிமீற்றர் நீளமும் 24 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டு ஒரு மேசைக்குள் அடங்கிவிடும்.

மலைப்பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 அடி முன்னே செல்கையில் ஓரடி உயர்வது. இதை மேசையில் அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 44 சென்ரிமீற்றர் நீளமுள்ள நேரான மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் சரியாக 1 சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டொன்றை ஒட்டி, மேலே மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தைக் கட்டிவிட்டால் போதும். துண்டுள்ள முனையைத் தாழ்ந்த பக்கம் வைத்துப் பாதைமேல் நிறுத்தும்போது குமிழி நடுவில் நின்றால் ஏற்றம் சரி. குறுக்குவாட்டில் மட்டம் பார்க்கச் சட்டத்தைத் திருப்பி வைக்கும் ஆசை எழக்கூடும், ஆனால் துண்டில்லாத இன்னொரு குட்டைச் சட்டம் செய்துகொள்வதே குழப்பமற்றது.

1924இல் பதுளையை எட்டிய இப்பாதையின் அரிய அங்கமான தெமோதரைச் சுற்று, குறுகிய இடத்தில் உயரத்தை இழக்கும் உபாயமாகும்: நிலையத்தைக் கடந்த வண்டி குன்றை ஒருமுறை சுற்றித் தாழ்ந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினூடாக வெளியேறுகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த எண்ணம் தோன்றியதாக ஊவாவில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருப்பினும் அதன் செய்முறை பயனுள்ளது. பலகையை அறுக்குமுன் நீண்ட கடதாசிக் கீற்றைச் சுற்றிப் பார்ப்பவருக்குச் சுரங்கவாய் எங்கே வரும் என்பது தெளிவாகிறது. அரை மீற்றர் ஆரையுள்ள ஒரு சுற்றின் நீளம் 3.14 மீற்றர், அதில் 44க்கு 1 சரிவில் கிடைக்கும் தாழ்ச்சி 7 சென்ரிமீற்றர்; 4 சென்ரிமீற்றர் உயர வண்டியும் மேலே ஒரு பலகையும் இதற்குள் நெருக்கமாக இடங்கொள்ளும். வளைவில் சில்லுகளின் உராய்வு கூடுவதால் அங்கே சரிவைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும், அப்போது சுற்றைப் பெரிதாக்குவதே வழி.

அகலத்தைக் காக்கும் அளவுகட்டையே வீட்டுக் கருவிகளில் தலையாயது. வன்மரத்திலோ பித்தளையிலோ, தண்டவாளத் தலை நுழையுமளவுக்கு இரண்டு வெட்டுகளை, உட்பக்க இடைவெளி 16.5 மில்லிமீற்றராக வரும்படி அறுத்தெடுக்கின்றனர். கூரிய வளைவுக்கென மயிரிழை அகலமான இன்னொன்றும் தேவை, ஏனெனில் நீண்ட இயந்திரத்தின் சில்லுகள் வளைவில் இறுகும். இங்கே அரை மில்லிமீற்றர் பிழை, பெரிய பாதையில் 5 சென்ரிமீற்றருக்குச் சமம்.

பாதையில் பரப்பிய சல்லியை ஒட்ட, பைண்டர் கம்மைத் தண்ணீரில் கரைத்து ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்ப்பது பழகிய உத்தி. சவர்க்காரத் தன்மை நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கரைசல் சல்லியைக் கலைக்காமல் ஊறியிறங்கும். தேயிலைச் செடிக்குச் சாயமூட்டிய மரத்தூளையும், மண்ணுக்குக் காயவைத்த தேயிலைச் சக்கையையும் இடலாம், சக்கை நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பராமரிப்பில் முதல் எதிரி மூடுபனி. இயந்திரத்துக்கான 12 வோல்ற் மின்சாரம் தண்டவாளம் வழியே செல்வதால், ஈரத்தில் படியும் மெல்லிய களிம்பே வண்டியைத் தடுமாறச் செய்கிறது. அதை மண்கடதாசியால் தேய்த்தால் கீறலில் அழுக்கு மேலும் தங்கும், ஆகவே எழுத்தழிக்கும் இறப்பரோ, மதுசாரம் நனைத்த துணி சுற்றிய தக்கைத்துண்டோ போதும். இணைப்புத் தகடு மின்சாரத்தை எப்போதும் கடத்துமென நம்பாமல் ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய கம்பியைப் பற்றாசு வைத்து இணைப்பது நல்லது. மார்கழி மழையில் ஊறிப் பருத்த பலகைமேல் இடைவெளியின்றிப் போட்ட பாதை, ஆடியின் வறண்ட காற்றில் பலகை சுருங்கியதும் நெளிந்து எழும். பலகையின் இரு பக்கமும் ஓரங்களும் வர்ணம் பூசப்பட்டு, மூட்டுகளில் அரை மில்லிமீற்றர் இடைவெளியும் விடப்பட்டிருந்தால் நெளிவு பெரும்பாலும் தவிர்க்கப்படும்.