மங்கலான ஹெட்லைட்டுக்குப் பல்பு பொறுப்பல்ல

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, ராத்திரியில ரோடே தெரியல. நூறு வாட் பல்பு போட்டுடுங்க." நான் போடுவதில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை எடுப்பேன். பேட்டரியில் 13.5 வோல்ட் காட்டும். பல்பு ஹோல்டரில் வைத்தால் 11.5 காட்டும். ஹாலஜன் பல்புக்கு இந்த 2 வோல்ட் பெரிய இழப்பு. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும்; இந்த அளவில் ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம் போய்விடும்.

அந்த 2 வோல்ட் எங்கே போகிறது? அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி வந்த வண்டி. வயரிங்கும் அந்தக் கால லூகாஸ் கம்பெனிப் பாணிதான். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, டிம், பிரைட் மாற்ற இடது காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சுக்கு இறங்கி, பிறகுதான் முன்னால் இருக்கும் விளக்குக்குப் போகும். காலடியில் இருக்கும் அந்த டிப்பரில் செருப்பு மண்ணும் மழைத் தண்ணீரும் பல வருடமாகச் சேர்ந்திருக்கும். 55 வாட் பல்பு இரண்டும் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் 18 வாட் வெறும் சூடாகிறது. சுவிட்ச் பழுதாகிறது, வயரின் ரப்பர் உறை விறைத்து வெடிக்கிறது. இதில் நூறு வாட் பல்பைப் போட்டால் கரண்ட் ஏறக்குறைய இரு மடங்கு. அந்தப் பாணியில் ஹெட்லைட் வழிக்கு ஃபியூஸும் கிடையாது. ஷார்ட் ஆனால் வயர்தான் எரியும்.

ரிலே இதை நேராகத் தீர்க்கிறது. அதற்குள் ஒரு காயில் இருக்கிறது, 0.2 ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் போதும், அது காந்தமாகி உள்ளே இருக்கும் கான்டாக்டை இழுத்துச் சேர்க்கும். பழைய சுவிட்சுகள் இனி அந்தக் காயிலை மட்டும் இயக்கினால் போதும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் போய்விடும். ரிலேயில் 85, 86 காயிலுக்கு, 30 பேட்டரிக்கு, 87 பல்புக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு வைப்பேன். பேட்டரி பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்.

பலர் மறப்பது எர்த். துருப்பிடித்த தகட்டை நம்பக் கூடாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனிக் கறுப்பு வயர் இழுத்து, பெயிண்டைச் சுரண்டிய பாடியில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுவேன். இவ்வளவும் செய்த பிறகு மீட்டர் வைத்தால் பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட் வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. பானட்டுக்குள் ரிலே மறைந்திருப்பதால் டேஷ்போர்டின் பழைய அழகு அப்படியே இருக்கும். எங்கு தேடியும் லேசில் கிடைக்காத அந்த டிப்பர் சுவிட்சும் பிழைக்கும்.

உறை வெடித்த வயர்க் கட்டை, அதாவது ஹார்னஸை, முழுசாக மாற்றத்தான் வேண்டும். அப்போது நிறத்தை மாற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பழுப்பு என்றால் பேட்டரி நேரடி, வெள்ளை என்றால் சாவி திருப்பிய பின் வருவது, பச்சை ஃபியூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட். இந்த ஒழுங்கு பிரிட்டனில் தொடங்கி இங்கும் வந்தது. கிடைத்த சிவப்பு வயரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகிறவர், அடுத்து அந்த வண்டியைத் தொடும் எலக்ட்ரீஷியனுக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்.

ஒன்று மட்டும் ரிலேயால் முடியாது: கரண்டை உண்டாக்குவது. பழைய சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும், அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. சிக்னலில் நிற்கையில் விளக்கு பேட்டரியைத்தான் தின்னும். பாட்டு, விசிறி, ஃபோன் சார்ஜர் எல்லாம் வேண்டும் என்பவரிடம் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரை முதலில் போடச் சொல்வேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.