ஜிம்மியா... மூக்கா?

"என்ன சார், ஜலதோஷமா?"

"இல்லீங்க... ஜிம்மி!"

எந்த ஆபீஸை எடுத்துக்கொண்டாலும் இப்படிப் பதில் சொல்கிறவர் ஒருவராவது இருப்பார். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் கர்ச்சீப். கண் இரண்டும் கோவைப்பழம். 'ராத்திரி பார்ட்டியா?' என்பதுபோல மானேஜர் ஒரு மாதிரி பார்ப்பார். மனுஷன் பாவம், ராத்திரி முழுக்க நாய்க்குட்டியோடு ஒரே தலையணையில் படுத்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்!

இவருக்கு ஊரே சொல்லும் யோசனை ஒன்றுதான்: "கொண்டுபோய் விட்டுடுப்பா!"

எங்கே விடுவது? நாலு வருஷம் வீட்டுச் சோறு தின்று வளர்ந்த ஜீவன். மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டால், தெரு நாய்களும் லாரிகளும் அதை எத்தனை நாள் விட்டுவைக்கும்? அதற்காக வாழ்நாள் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி, நிறையப் பேருக்கு இருக்கிறது.

ரோமம் நிரபராதி!

'முடி மூக்கில் ஏறுது, அதான் தும்மல்' என்பது நம் வீட்டுத் தீர்ப்பு. தப்பு. நிஜமான குற்றவாளி, பிராணியின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். பூனை நாள் முழுக்கத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்கிறதே, அப்போது எச்சில் ரோமத்தில் ஒட்டிக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, காற்றில் மிதக்கிறது. சோபா, ஜமுக்காளம், உங்கள் ஆபீஸ் சட்டை என்று எல்லாவற்றிலும் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்கிறது. பூனையே இல்லாத பள்ளிக்கூடத்தில்கூட இந்தத் தூளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

இதற்கு 'அலர்ஜி' என்று 1906-ல் பெயர் வைத்தவர், வியன்னா டாக்டர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. நம் உடம்பின் காவல்படை, புதுசாய் வேலைக்குச் சேர்ந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி. திருடனைப் பிடிக்க வேண்டியவர், தபால்காரரைப் பிடித்துக் கட்டிவைத்து விசில் ஊதுகிறார். அந்த விசில்தான் ஹிஸ்டமின். விளைவு: தும்மல், கண் அரிப்பு, மூக்கில் அருவி!

'அலர்ஜி வராத நாய் சார்!'

இப்படிச் சொல்லிக் குட்டி விற்பவர்கள் உண்டு. பர்ஸை எடுக்குமுன் ஒரு கதை.

1980-களின் கடைசியில், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவர், வழிகாட்டி நாய் கேட்டு ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார். சிக்கல் என்னவென்றால், அவருடைய கணவருக்கு நாய் அலர்ஜி. வழிகாட்டி நாய்களை வளர்த்துக்கொண்டிருந்த வாலி கான்ரன் என்பவர், பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்தார். சரிப்படவில்லை. பிறகு பூடிலையும் லாப்ரடாரையும் கலந்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. ரோமமும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. கணவர் தும்மாமல் தப்பித்தது ஒரே ஒரு குட்டியிடம்தான்!

ஆனால் 'லாப்ரடூடில்' என்ற பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது. யார் யாரோ இஷ்டத்துக்குக் கலந்து விற்க ஆரம்பிக்க, 'ஏன்தான் ஆரம்பித்தோமோ' என்று பிற்காலத்தில் கான்ரனே பேட்டிகளில் வருத்தப்பட்டார்.

2008-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்த ஒபாமாவுக்கும் இதே தலைவலிதான். மகள் மாலியாவுக்கு அலர்ஜி. தேடிப் பார்த்து, 2009-ல் 'போ' என்ற போர்ச்சுகீசிய வாட்டர் டாக் வெள்ளை மாளிகைக்கு வந்தது. அந்த இனத்துக்கு ஏக கிராக்கி!

2011-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், நாய் இருக்கும் வீடுகளில் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். 'அலர்ஜி வராத' இனம் இருந்த வீட்டுக்கும் சாதா நாய் இருந்த வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறைக்குக் குட்டை ரோமம்தானே என்கிறீர்களா? ரோமம்தான் நிரபராதி ஆயிற்றே!

இனத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள், அதாவது நாயை! வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட நாயோடு இரண்டு மூன்று நாள், தினம் ஒரு மணி நேரம் பழகிப் பாருங்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பூனை இருந்தாலும் இதே விதிதான். பஜ்ஜி, சொஜ்ஜியோடு பூனையையும் கொஞ்சிவிட்டு வருவது உத்தமம்.

முதலில் டெஸ்ட்!

ஜிம்மிதான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? தலையணைக்குள் குடித்தனம் நடத்தும் தூசிப்பூச்சியாக இருக்கலாம். கிச்சன் கரப்பானாகவும் இருக்கலாம்.

அலர்ஜி டாக்டரிடம் போனால், முன்கையில் சொட்டுச் சொட்டாய் மருந்து வைத்து லேசாகக் குத்துவார். கால் மணி நேரத்தில் எந்த இடம் கொசு கடித்த மாதிரி வீங்குகிறதோ, அதுதான் எதிரி. ரத்தப் பரிசோதனையும் உண்டு. அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

இதில் ஒரு வேடிக்கை. நாயின் புரதங்களில் ஒன்று ஆண் நாயிடம் மட்டுமே சுரக்கிறது. அது ஒன்றுக்கு மட்டும் அலர்ஜி உள்ளவர், பெண் நாயோடு சுகமாகக் குடித்தனம் நடத்தலாம்!

பெட்ரூமில் 144!

* பெட்ரூமுக்குள் பிராணிக்குத் தடை உத்தரவு. தினம் ஏழு, எட்டு மணி நேரம் நீங்கள் மூச்சு விடும் இடம் அது. 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்று கெஞ்சும் கண்களைப் பார்க்காதீர்கள்.

* துடைப்பத்தால் பெருக்கினால் தூள் கிளம்பித்தான் பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். கார்ப்பெட்டை எடுத்துவிடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள்.

* ரோமம் வாரிவிடுவது, பூனையின் மண் தட்டைச் சுத்தம் செய்வதெல்லாம் அலர்ஜி இல்லாதவர் வேலை. அதுவும் வாசலிலோ மொட்டை மாடியிலோதான். ('எனக்கு அலர்ஜிம்மா' என்று பாத்திரம் தேய்க்காமலும் தப்பிக்கப் பார்க்காதீர்கள்!)

* நாயை வாரம் இரண்டு முறை குளிப்பாட்டினால் பலன் உண்டு. விட்டுவிட்டால் பழைய கதைதான். என்ன ஷாம்பு என்று கால்நடை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூனையைக் குளிப்பாட்டினால் ஒரு வாரம்கூடப் பலன் தாங்காது. உங்கள் கையில் கீறல்தான் மிச்சம்!

* கொஞ்சி முடித்ததும் கையைக் கழுவுங்கள். அதற்குமுன் கண்ணைத் தொடாதீர்கள். படுக்கப் போகுமுன் சட்டையை மாற்றுங்கள்.

* வசதி இருந்தால் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம். 0.3 மைக்ரான் தூளில் 99.97 சதவிகிதத்தைப் பிடிக்கும். ஆனால் காற்றில் மிதப்பதைத்தான் பிடிக்கும்; சோபாவில் படிந்ததை நீங்கள்தான் துடைக்க வேண்டும்.

* பூனையின் எச்சிலில் உள்ள அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் தீவனம் 2020-ல் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து சராசரியாக 47 சதவிகிதம் குறைகிறது என்பது தயாரித்த கம்பெனியின் ஆய்வு. குறையும், மறையாது!

மருந்துக் கடையில் ஒரு நிமிஷம்

தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். தூக்கம் அதிகம் வராத மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரைக் கேளுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் தினமும் ஒழுங்காக அடித்தால்தான் வேலை செய்யும். பயப்பட வேண்டியது, 'ரெண்டு சொட்டு விட்டா மூக்கு திறந்துடும்' என்கிற சொட்டு மருந்துக்குத்தான். சில நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தாலேயே மூக்கு அடைக்க ஆரம்பித்துவிடும்.

அலர்ஜி ஊசி என்று ஒன்று இருக்கிறது. எதிரியைத் துளித்துளியாய் உடம்புக்குப் பழக்கும் வைத்தியம். மூன்று முதல் ஐந்து வருஷம் பிடிக்கும். எல்லோருக்கும் பலிக்காது.

மூச்சு விசில் அடித்தால்...

தும்மலோடு நின்றால் சமாளிக்கலாம். ஆனால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா? ராத்திரி மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா? ஆஸ்துமா உங்கள் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்துகிறது என்று அர்த்தம். உடனே டாக்டர். எல்லாம் செய்தும் மூச்சு அடங்கவில்லை என்றால், அப்போது ஜிம்மிக்கு வேறு வீடு பார்ப்பதில் பாவம் இல்லை. தெரு இல்லை, வீடு! தங்கை வீடு, நண்பன் வீடு, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஏதோ ஒரு வீடு.

பிராணி போன மறுநாளே தும்மல் நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பூனை போன பிறகும் அதன் தூள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும். அதனால், அவசரப்பட்டுச் சாக்கைத் தேடாதீர்கள். ஒரு துடைப்பான், ஒரு மூடிய பெட்ரூம் கதவு, ஒரு நல்ல டாக்டர்... இந்த மூன்றுக்கும் மூன்று மாசம் டைம் கொடுத்துப் பாருங்கள்.

ஜிம்மி உங்களுக்காகத் தினமும் சாயங்காலம் ஆறு மணி வரை வாசலில் காத்திருக்கிறதே... அதற்காக நீங்கள் மூன்று மாசம் காத்திருக்கக் கூடாதா?