பேதை நாற்றும் விதை மருந்தும்

நாற்றங்காலில் பயிரெல்லாம் ஒரு சாண் உயரம் நிற்கையில், சில நாற்றுக்கள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றின் தலைக்கு மேல் ஓங்கி நிற்பதுண்டு. அறியாதார் கண்ணுக்கு அது செழிப்பாகத் தோன்றும். உண்மையில் அது வியாதி. நட்ட பின் அவற்றுட் பல மடியும். பிழைப்பவற்றிலும் பதரே மிகுதி. ஜப்பானியர் இதனைப் 'பக்கானே' என்பர். பேதை நாற்று என்பது பொருள்.

பியூஸேரியம் என்னும் பூஞ்சணமே இதற்குக் காரணம். 1926-இல் குரோஸாவா என்ற ஜப்பானிய அறிஞர், அப்பூஞ்சணம் வளர்ந்த நீரை வடிகட்டி நாற்றுக்கு இட்டார். பூஞ்சணம் நீங்கிய அந்நீரே நாற்றை நெடிது வளரச் செய்தது. அதிலிருந்த பொருளுக்கு 1935-இல் யாபுதா என்பவர் ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார்.

நெல் பூக்குங்காலத்தில் இப்பூஞ்சணம் மணியிற் குடிபுகுந்து, விதையோடு மறு ஆண்டுக்கு வந்து சேர்கிறது. நாற்று ஓங்கிய பின் மருந்து தேடிப் பயனில்லை. விதையிலேயே வைத்தியம் செய்தல் வேண்டும். எம்மருந்தைக் கொள்வது என்பதே கேள்வி.

முற்காலத்தில் பாதரச மருந்துகள் வழங்கின. பூஞ்சணத்தை அவை நன்றாகவே அழித்தன. ஆனால் மனிதரையும் விடவில்லை. 1971-ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக்கிற்கு வந்த பாதரசம் பூசிய விதைத் தானியத்தைக் குடியானவர்கள் மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். மூட்டையின் மேலிருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத பாஷையில் இருந்தது. ஆஸ்பத்திரிகளிற் சேர்ந்த 6,530 பேரில் 459 பேர் மாண்டனர்.

அடுத்து வந்தவை பெனோமில், கார்பெண்டசிம் முதலியன. கிலோ விதைக்கு 2 கிராம் கார்பெண்டசிம் போதும், செலவும் சொற்பம். ஆயினும் இவை பூஞ்சணத்தின் ஒரே இடத்தைத் தாக்குவன. அவ்விடம் சிறிது மாறினால் மருந்து பலிக்காது. 1980-களில் ஜப்பானில் பெனோமிலுக்கு அடங்காத பூஞ்சணம் பரவியது. பின்னர் வேறு வகை மருந்துகளை நாட நேர்ந்தது.

வெந்நீர் மூன்றாவது உபாயம். 60 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 10 நிமிஷம் விதையை அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றுவது ஜப்பானிய முறை. இதில் விஷமில்லை. சூடு மிஞ்சினால் முளை கெடும். குறைந்தால் பூஞ்சணம் பிழைக்கும். வெப்பமானி இன்றிச் செய்யத் தகாது.

நான்காவது, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் கலக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. உயிருள்ள சரக்காதலின் பழையது பயன்படாது. பூஞ்சண மருந்தோடு கலக்கவும் கூடாது. வியாதி கடுமையாயின் இது மட்டும் போதாமலும் போகலாம்.

எம்முறையைக் கையாண்டாலும் முதற்படி ஒன்றே: வியாதி கண்ட வயலில் விதை எடுக்கலாகாது. முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டி, மிதப்பதைத் தள்ளி, அடியில் தங்கியதை நல்ல நீரிற் கழுவிக் கொள்க. அவ்விதை கிடைத்தால் வெந்நீரோ நுண்ணுயிரோ பெரும்பாலும் போதும். விதையில் ஐயம் உண்டாயின் மட்டும் மருந்தை நாடுவோம். அதுவும் ஆண்டுதோறும் ஒன்றையே கொள்ளாமல் மாற்றிக் கொள்வோம்.

வீட்டிலுள்ளோர் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மருந்திட்ட நெல் மீந்தால், அது உலைக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. சாக்கின் மேல் 'விஷம்' என்று நம் தாய்மொழியில் எழுதி வைத்தல் நம் கடமை. ஈராக்கில் இல்லாமற்போனது அந்த ஒரு சொல்லே.