கடன்காரர் என்றால் யார்?

வாசலில் கடன்காரர் வந்து நிற்கிறார் என்றால், அவர் கொடுத்த பணத்தைக் கேட்க வந்தவர். ஊரெல்லாம் வாங்கிக் கடன்காரர் ஆகிவிட்டார் என்றால், அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியவர். இருவருக்கும் ஒரே சொல்தான். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை.

‘காரர்’ வடமொழியிலிருந்து வந்த விகுதி. அங்கே ‘கார’ என்பதற்குச் ‘செய்பவர்’ என்று பொருள். கும்பகாரர் குடம் செய்பவர், சுவர்ணகாரர் பொன்வேலை செய்பவர். தமிழ் அதை எடுத்துக்கொண்டு பொருளை நன்றாக விரித்துவிட்டது. பால்காரர் பாலை விற்கிறார். தோட்டக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். பணக்காரரிடம் பணம் இருக்கிறது, கோபக்காரருக்குச் சட்டென்று கோபம் வருகிறது. வீட்டுக்காரர் வாடகை வாங்குபவர்; மனைவி சொன்னால் கணவர். இன்னதோடு தொடர்புள்ளவர் என்பதோடு விகுதி நின்றுகொள்கிறது. என்ன தொடர்பு என்பது பேசும் இடத்தில் தெரிந்துவிடும். கடன்காரர் இரண்டு பக்கமும் செல்லுபடியாவது இதனால்தான்.

இது நேற்று வந்த வழக்கல்ல. சோழர் படையில் வேளைக்காரர் என்ற பிரிவினர் இருந்தார்கள். இலங்கையின் பொலன்னறுவையில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக வேளைக்காரர் உறுதி சொல்கிறார்கள். அண்டை மொழிகளிலும் இந்த விகுதி உண்டு: மலையாளத்தில் பாடுபவர் பாட்டுகாரன், கன்னடத்தில் ஹாடுகார.

இந்த விகுதியின் வேலைத்திறனைப் பார்க்க ‘பச்சைச் சட்டைக்காரர்’ போதும். பச்சையாக இருப்பது ஆள் அல்ல, சட்டை. அதாவது ‘காரர்’ கடைசிச் சொல்லோடு மட்டும் ஒட்டவில்லை. ‘பச்சைச் சட்டை’ என்ற தொடர் முழுவதையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த மனிதர் நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டால் பெயரும் போய்விடும். ஒரு நிமிடத் தேவைக்குப் பெயர் உண்டாக்கித் தரும் விகுதி இது. ஆட்டோ வந்த உடனே ஆட்டோக்காரர் வந்ததும், கேபிள் டிவி வந்ததும் கேபிள்காரர் வந்ததும் அப்படித்தான். எந்தக் கலைச்சொல் குழுவும் கூட வேண்டியிருக்கவில்லை.

எழுத்தில் நாம் ‘ஆளர்’ பக்கம் சாய்கிறோம்: பத்திரிகைக்காரர் பத்திரிகையாளர் ஆகிறார், வேலைக்காரர் பணியாளர் ஆகிறார். வேலைக்காரர் என்பதில் ஏறிவிட்ட தாழ்ச்சிக்கு அந்த மாற்றம் தேவைதான். மற்ற இடங்களில் ‘காரர்’ எந்தக் குறையும் இல்லாத சொல் என்பதே என் எண்ணம்.

ஒரே ஓர் இடைவெளி இருந்தது. ஆணுக்குக் காரன், மரியாதைக்குக் காரர். பெண்ணுக்கு வெறும் காரி. மரியாதை சேர்க்க வழியில்லை. தெருவே அதைச் சரிசெய்துகொண்டது: பூக்காரம்மா, மீன்காரக்கா, இட்லிக்காரப் பாட்டி.