இறுக்கமெல்லாம் பலமல்ல

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டா சக்கரத்தைவிடச் சற்றே சிறியது. கொல்லர் அதை நெருப்பில் காய்ச்சுவார். விரிந்த பட்டா மரத்தின் மேல் இறங்கும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். குளிர்ந்த பட்டாவைச் சம்மட்டியால் திணித்தால் சிதைவது சக்கரம்தான்.

கரமனை வீட்டுத் திண்ணையில் கோல்ஃப் மட்டை பூட்ட உட்கார்ந்தபோது எனக்கு இது மறந்துபோயிருந்தது. கோல்ஃப் பித்து என் மைத்துனருடையது. கல்கத்தாவில் 1829லேயே கிளப் தொடங்கிய நாடு இது. திருவனந்தபுரத்திலும் கவடியாரில் 9 குழி மைதானம் உண்டு. புது மட்டையின் விலைதான் கட்டுப்படியாகாது. தலை, தண்டு, பிடி என்று உதிரியாக வாங்கினால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டோம்.

சிக்கல் பூணில் தொடங்கியது. உலக்கைக்கு இருப்பதுபோல, தலையின் கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம். அது ஏறவில்லை. சுத்தியலை எடுத்தேன். பூண் ஏறியது. கூடவே கார்பன் இழைத் தண்டின் நுனியில் மெல்லிய விரிசல் விழுந்ததைக் கவனிக்காமல் பசை போட்டு ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மைத்துனர் ஓங்கி வீச, ஏறக்குறைய கால் கிலோ இரும்புத் தலை கழன்று, பந்து பொறுக்கும் பையனின் காதோரம் பறந்தது. அவன் சிரித்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகுதான் முறையாகக் கற்றேன். முதலில் அளவு. இரும்புத் தலைகளுக்கான தண்டு நுனிகளில் 0.355 அங்குலம், 0.370 அங்குலம் என இரு வகை உண்டு. சிறியதன் பூணைப் பெரியதில் ஏற்ற முயல்வது வீண் வம்பு. அளவு சரியாக இருந்தும் இறுகினால், பூணை வெந்நீரில் ஓரிரு நிமிடம் போட வேண்டும். பிளாஸ்டிக் இளகும். தண்டைவிடச் சற்றே அகலமான குழாயைப் பூணின் மேல் வைத்து மெல்லத் தள்ளினால் போதும்.

இறுக்கம் பூணுக்கு மட்டும்தான். தண்டு தலைக்குள் கையாலேயே நுழைய வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் பசை வழித்துக்கொண்டு வெளியேறும், மூட்டு வறண்டுபோகும். பிடிமானம் தருவது பசைதான். எஃகுத் தண்டானால் நுனியின் குரோம் பளபளப்பை உப்புத்தாளால் நீக்க வேண்டும். கார்பன் தண்டில் மேல்பூச்சை மட்டும் சுரண்டலாம். இழையைத் தொடக் கூடாது. இருபகுதி எபாக்சி பசையைக் கலந்து, தண்டைத் திருகியபடி இறக்கி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும்.

ரப்பர் பிடிக்கும் பலப்பிரயோகம் வேண்டாம். தண்டில் இருபக்கப் பசை நாடா ஒட்டி, சாலைக் கடைத்தெருப் பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனைப் பிடிக்குள்ளும் நாடா மேலும் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு ஏறும். திரவம் காய்ந்ததும் நாடா பிடித்துக்கொள்ளும். அருகில் நெருப்பு மட்டும் கூடாது.

புதுத் தண்டு பூட்டி மறுபடி மைதானத்துக்குப் போனோம். முதல் வீச்சின்போது அந்தப் பையனை அழைத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.