மின்மினியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். வார இறுதியில் இளையோர் கூட்டாக வேன் எடுத்துக்கொண்டு போவதும் சகஜமாகிவிட்டது. மாலையில் புக்கிட் மெலாவாத்தி குன்று, அந்தியில் பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவு, இருட்டியதும் மின்மினிப் பூச்சி. எல்லாருடைய திட்டமும் இதுதான்.

அண்மையில் நண்பர்கள் 14 பேர் போனபோது நாங்கள் காலையிலேயே கிளம்பினோம். தோழி ஒருத்தி தன் பாட்டியை அழைத்து வந்திருந்ததுதான் காரணம். பாட்டிக்கு வயது 78. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பாட்டியின் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

ஈஜோக்கில் பசியாறிவிட்டு உள்ளே திரும்பினோம். கைப்பேசி வரைபடத்தில் ‘டென்னமாரம்’ என்று ஒரு தோட்டத்தின் பெயர் வந்தது. என்ன மொழி என்று பின் இருக்கையில் விவாதமே நடந்தது. "தென்னமரம்டா!" என்றார் பாட்டி. வேனே சிரித்தது.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற இடமல்ல அது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது அந்தத் தென்னமரத்தில்தான். தொடங்கியவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசும் வாங்கினார். ஆப்பிரிக்க மரமான செம்பனையின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்டன. அங்கிருந்து சுமத்ராவுக்குப் போய், பிறகு சிலாங்கூர் ஆற்றோரம் வந்து சேர்ந்தது அந்த வம்சம். இன்று நாடு முழுக்க விரிந்து கிடக்கும் அந்தத் தொழிலின் பிறந்த வீட்டுக்குத் தமிழ்ப் பெயர். அதுவும் வேறொரு மரத்தின் பெயர்! பள்ளிப் புத்தகத்தில் செம்பனை படித்த எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

பாட்டியின் தோட்டம் இன்னும் சற்றுத் தள்ளி. "இந்த வளைவுல நிறுத்துய்யா" என்றார். இறங்கிப் பார்த்தால் செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் மட்டும் மஞ்சள் துணியோடு நின்றது. அதை வைத்துக்கொண்டு பாட்டி விரலால் ஊரையே கட்டி எழுப்பினார். இங்கே பெரட்டுக் களம், அங்கே ஆயாக்கொட்டகை, அந்தப் பள்ளத்தில் ஸ்டோர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் தூக்கி வந்தது, மழை பெய்து மங்கில் தண்ணீர் நிறைந்தால் அன்றைய கூலி போனது என்று சொல்லிக்கொண்டே போனார். கைப்பேசியில் ஒருவர் பதிவு செய்தார். மற்றவர்கள் வெயிலில் அசையாமல் நின்றோம். வழிகாட்டிக் கையேடு எதிலும் இல்லாத அரை மணி நேரம் அது.

இந்த வட்டாரத்தில் தோட்டம் கைமாறியதும் பிழைப்போடு வீடும் போனவர்கள் பலர். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் போராடிக் காத்திருந்தார்கள். அவர்களில் பலர் இப்போது பாட்டியின் வயதுக்காரர்கள். எந்தக் கல் எந்த லயத்தின் வாசற்படி என்று காட்டக்கூடியவர்களும் அவர்கள்தான்.

மதியம் புக்கிட் ரோத்தான் சக்தி ஆலயத்தின் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, குன்றுக்குப் போனோம். புக்கிட் மெலாவாத்தி சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகர்க் கோட்டை. முதல் மூன்று சுல்தான்களும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து ‘அல்டிங்ஸ்பர்க்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். நமக்கு இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. அதே டச்சுக்காரர்கள் மூன்றாண்டுக்கு முன்புதான் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்திருந்தார்கள். பிறகு அந்த நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தான் நம் முன்னோர் பலர் இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள்.

பீரங்கிகளும் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் எங்கள் குழு அதிக நேரம் செலவிட்டது லோத்தோங் குரங்குகளோடு. சாம்பல் நிறத் தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி! பையில் தின்பண்டம் இருந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். தோட்டங்கள் தனியார் நிலம். உட்சாலைகளில் நுழையுமுன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் உடன் இருந்தால்தான் பயணத்துக்கே அர்த்தம். வீட்டில் தாத்தாவோ பெரியம்மாவோ இருந்தால் வேனில் ஒரு முன் இருக்கை ஒதுக்குங்கள். பதிவு செய்ய மறக்காதீர்கள்.

இருட்டியதும் கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறினோம். ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைந்தன. யாரும் பேசவில்லை. பாட்டிதான் பேத்தியின் காதில், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "டிக்கெட்டு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னாள். "எங்க லயத்துக்குப் பின்னால சும்மாவே மின்னும்டி" என்றார்.